ஏழாம் நம்பர் மலை

அணிலின் வால் நான்காம் பக்கத்தில் அறுந்துபோனது. ஒன்பதாம் பக்கத்தில் அதே அணில் வாலை ஆட்டிக்கொண்டு மாமரத்தில் ஏறியது. இரண்டையும் எழுதியவள் நான்தான். 1977இல் வந்த என் முதல் சிறுவர் புத்தகம் அது. அக்குறணையில் பஸீஹாவின் அச்சகத்தில் முந்நூறு பிரதி அடித்து, பாதியைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பி முடித்த பிறகு, அலவத்துகொடையிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. றலியா என்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியிருந்தாள். "ஒன்பதாம் பக்கத்தில் வருவது அணிலின் தம்பிதானே? அவன் பெயரை நீங்கள் எழுதவில்லை."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அன்று பின்னேரமே பஸ் பிடித்து அக்குறணைக்குப் போய், மீதமிருந்த நூற்றைம்பது பிரதிகளிலும் அந்த வாலைப் பேனையால் வெட்டினேன். பஸீஹா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, "இத ஆரு பாக்கப் போற?" என்று கேட்டாள். "ஒருத்தி பார்த்துட்டாளே" என்றேன். பிள்ளைக்கு, "அது பிழை, மன்னிக்கவும்" என்று பதில் போட்டேன். அவள் அதற்குப் பிறகு எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பது எனக்குப் புரியப் பதினாறு வருஷம் ஆனது.

என் பெயர் இராஜகுமாரி. பெயரில் மட்டும்தான் அரண்மனை. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தேன். அப்பா கறுப்பையா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நான் படித்து, கண்டி மாநகர சபையில் காய்ச்சல் பரப்பும் நுளம்பை ஒழிக்கும் கோப்புகளைப் பார்க்கும் லிகிதராகி, அந்தக் கதிரையில் இருந்தபடியே ஒன்பது சிறுவர் புத்தகங்களும், தொலைக்காட்சிக்கு நான்கு துப்பறியும் தொடர்களும் எழுதினேன்.

"அணில், முயல் என்று எழுதுகிற நீங்களா கொலைக் கதையும் எழுதுறீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களில் இரண்டு பேரை நானே கொன்றிருப்பேன், வேலை போய்விடும் என்றுதான் சும்மா இருந்தேன். இரண்டும் ஒரே வேலை. யார், எப்போது, எங்கே இருந்தார் என்பதைப் பிசகாமல் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் கதையை முழுசாக நம்புவார்கள். அதனாலேயே அதற்குள் ஒரு துரும்பைக்கூட நம் இஷ்டத்துக்கு இடம் மாற்ற முடியாது. துப்பறியும் தொடர் பார்ப்பவர்கள் கதையை நம்பவே மாட்டார்கள். அங்கேயும் அதே கட்டுப்பாடுதான்.

முதல் இரண்டு தொடர்களும் கொழும்பு வீடுகளில் நடந்தன. இயக்குநர் திருச்செல்வத்துக்கு அது வசதி. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, கமராவோடு பதினைந்து வருஷம் பழகிய நல்ல மனுஷன். ஆனால் தோட்டத்தில் ஒரு கதை வைப்போம் என்று நான் சொல்லும்போதெல்லாம், "தோட்டமெண்டால் பாட்டுக்கு நல்லாயிருக்கும். துப்பறியிறதுக்கு அங்க என்ன கிடக்கு?" என்பார். நாலு வருஷம் விடாமல் நச்சரித்தேன். கடைசியில் 1993இல் 'ஆறாம் மைல் பங்களா' என்ற தொடருக்கு ஒப்புக்கொண்டார். பதின்மூன்று அங்கங்கள். சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு ஒளிபரப்பு.

கதை இதுதான். ஒரு தோட்டத்தில், தொழிற்சாலையின் டீமேக்கர் காலை நேரத்தில் பங்களாத் தோட்டத்தில் அடிபட்டுச் செத்துக்கிடக்கிறார். பங்களாவில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும், கொழும்பிலிருந்து விருந்தாளியாக வந்திருக்கும் துரையின் மைத்துனரும் இருக்கிறார்கள். டவுனிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வருகிறார். கொழுந்து எடுக்கும் பெண் சுப்பம்மா ஒரு சாட்சி. கொலைகாரன் மைத்துனர்தான். அவர் மாட்டிக்கொள்வது உடைந்துபோன ஒரு கைக்கடிகாரத்தால். அந்தக் கைக்கடிகாரம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. வேறு ஒன்றும் அகப்படாததால் அதையே வைத்திருந்தேன்.

எனக்குக் கொலைகாரன் முக்கியமில்லை. சுப்பம்மாதான் முக்கியம். பாட்டுக்கு இடையில் கூடையோடு சிரித்துவிட்டுப் போகாமல், பெயரோடு, பேச்சோடு, புத்தியோடு ஒரு கொழுந்து எடுக்கிற பெண் அந்தப் பெட்டிக்குள் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் நாலு வருஷம் மல்லுக்கு நின்றேன்.

ஐந்தாம் அங்கத்தின் படப்பிடிப்புக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். தெல்தோட்டையைத் தாண்டி ஒரு தோட்டம். இன்ஸ்பெக்டர் சுப்பம்மாவிடம், "கொலை நடந்த அன்னைக்குக் காலையில எங்க இருந்தே?" என்று கேட்கிறார். சுப்பம்மா பின்னால் கையைக் காட்டி, "இந்த ஏழாம் நம்பர் மலையிலதாங்க கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தேன்" என்கிறாள். நான் எழுதியது அவ்வளவுதான். திருச்செல்வம் இடம் தேடி அரை நாள் அலைந்து, ஒரு சரிவைக் கண்டுபிடித்தார். வரிசை வரிசையாக மொட்டைக் கிளைகள். அவற்றுக்கு நடுவே பனி. மொனிட்டருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள்.

"எப்பிடி இருக்கு, ராஜகுமாரி?" என்று கேட்டார்.

"கவிதை மாதிரி இருக்கு" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை இப்போது எழுதும்போதும் பேனையை வீசிவிடலாம் போலிருக்கிறது.

ஐந்தாம் அங்கம் ஒளிபரப்பாகி நாலாவது நாள், புதன்கிழமை, என் வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. என் சிறுவர் புத்தகங்களின் பின்னட்டையில் அந்த விலாசம் இருக்கும். அனுப்பிய இடத்தைப் பார்த்தேன். நான் பிறந்த தோட்டம். கையெழுத்துப் போட்டிருந்தது பேச்சியம்மா. எனக்குத் தெரிந்தே அந்தத் தோட்டத்தில் நாலு பேச்சியம்மா இருந்தார்கள்.

"மதிப்புக்குரிய எழுத்தாளர் அம்மாவுக்கு. நாங்கள் பதினெட்டுப் பேர் ஒன்றாகக் கூடி உங்கள் நாடகம் பார்க்கிறோம். பெற்றரி போட்டுப் பார்க்கிறோம். போன கிழமை சுப்பம்மா ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்ததாகச் சொல்லுது. அந்த மலை கவ்வாத்து வெட்டிக் கிடக்குது. கவ்வாத்து மலையில் கொழுந்து ஏது. சுப்பம்மா பொய் சொல்லுது. யார் சொல்லச் சொன்னது. இப்படிக்கு, பேச்சியம்மாவும் மற்றவர்களும்."

'பொய்' என்ற சொல்லைத் தாண்டி என் கண் போகவில்லை. கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை முழங்காலளவில் வெட்டி மொட்டையாக விடுவது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அந்த மலையில் கொழுந்தே இருக்காது. தோட்டத்தில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாதா? பத்து வயது வரைக்கும் கவ்வாத்து மலையில் வெட்டிப்போட்ட மிலாறு பொறுக்கித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்தக் குச்சிகள் கீறிய தழும்பு இன்னும் என் முழங்காலில் இருக்கிறது. அந்த முழங்காலோடு மொனிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, கவிதை என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று நான் சாப்பிடவில்லை. கொழும்புக்காரர் ஒருவர் அந்தத் தப்பைச் செய்திருந்தால் நானே நாலு பக்கத்துக்குக் கிழித்து எழுதியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை திருச்செல்வம் என் மாநகர சபைக் கந்தோருக்கு டெலிபோன் எடுத்தார். "உடன வாங்கோ. சந்தோஷமான விஷயம்தான்" என்றார். அவருடைய சந்தோஷத்தை எனக்குத் தெரியும். மறுநாள் காலை ரயிலில் போனேன்.

கோட்டை ஸ்டேஷனில் என் பையைச் சோதித்த பாதுகாப்பு அதிகாரி, கொப்பியில் நான் வரைந்திருந்த பங்களாப் படத்தைப் பார்த்துவிட்டார். வாசல், ஜன்னல், பிணம் கிடந்த இடத்தில் சிவப்பில் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி, பக்கத்தில் காலை ஏழு பத்து என்று நேரம். அது என்னவென்று கேட்டார். தெரிந்த சிங்களத்தில் நின்ற நிலையிலேயே ஐந்து அங்கங்களையும் சொல்லி முடித்தேன். அவர் கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு, கொன்றது யார் என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். அவர் பையை மூடித் தந்தார். பிறகு போகச் சொன்னார்.

திருச்செல்வத்தின் மேசையில் ஒரு சாக்கு இருந்தது. "இருநூற்றுப் பன்னிரண்டு கடிதம். அட்டன், பதுளை, புசல்லாவை, தெல்தோட்டை. இந்த நிலையத்தில ஒரு தமிழ் நாடகத்துக்கு இவ்வளவு வந்ததே இல்லை" என்றார். "எல்லாரும் ஒண்டைத்தான் எழுதியிருக்கினம். சுப்பம்மா பொய் சொல்லுறாள். சுப்பம்மாதான் கொலைகாரி."

"அது பொய் இல்ல. நம்ம தப்பு" என்றேன். கவ்வாத்து என்றால் என்னவென்று சொன்னேன்.

அவர் முகம் ஒரு நிமிஷம் வாடியது. அப்புறம் தெளிந்துவிட்டது. "கொழும்பில ஒருத்தரும் கவனிக்கேல்லை. கவனிச்ச சனத்துக்கு அது துப்பு மாதிரித் தெரிஞ்சிருக்கு. அப்ப அதைத் துப்பாவே வைப்பம். பத்து அங்கம் எடுத்தாச்சு. மிச்சம் மூண்டுதான். கடைசியில சுப்பம்மாவைப் பிடிச்சால் சரி. மேலிடத்துக்கும் விருப்பம். சனம் முடிவெடுத்திட்டுது, ராஜகுமாரி."

"சுப்பம்மாவை நான் கொலைகாரி ஆக்க மாட்டேன்."

"ஏன்?"

"இந்தப் பெட்டியில முதல் தடவையா எங்க பொம்பளை ஒருத்தி பேசுறா. அவளை விலங்கு மாட்டி அனுப்பவா நாலு வருஷம் உங்க பின்னால திரிஞ்சேன்? அவ பொய் சொல்லல. பொய் சொன்னது நானும் உங்க கமராவும்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்? ஒளிபரப்பினதைத் திருப்பி வாங்க ஏலாது. அவள் பொய் சொன்னதை லட்சம் பேர் பாத்திட்டினம். ஏன் சொன்னவள் எண்டு ஒரு காரணம் இல்லாட்டி, அவள்தான் செய்தவள்."

அவர் சொன்னது நியாயம். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"எட்டு நாள் தாங்க" என்றேன்.

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். பங்களாவில் படம் பிடிக்க அனுமதி அடுத்த மாதம் ஐந்தாம் திகதி வரைக்கும்தான். "எட்டு நாள். அதுக்குப் பிறகு கடைசி மூண்டையும் நான் எழுதுவன். கோவிக்கக் கூடாது" என்றார். கோவிப்பேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

மறுநாள் முதல் காலை ஐந்து மணிக்கு எழுந்து, எட்டு மணிக்குக் கந்தோருக்குக் கிளம்பும்வரை எழுதினேன். மதியம் சோற்றுப் பார்சலைக் கோப்புகளுக்கு மேலே வைத்துக்கொண்டு எழுதினேன். நான் எழுதியதெல்லாம் அந்தக் காட்சியை அழிக்கிற வழிகள். சுப்பம்மா மலையின் நம்பரை மறந்துவிட்டாள் என்று ஒரு வழி. கொழுந்து எடுக்கிறவள் மலை நம்பரை மறப்பாளா? வெட்டினேன். இன்ஸ்பெக்டர் நம்பரைத் தப்பாக எழுதிக்கொண்டார் என்று இன்னொன்று. அவள் கையைக் காட்டியிருக்கிறாளே. அதையும் வெட்டினேன். அது கனவு என்றுகூட ஒரு பக்கம் எழுதினேன். எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் ஆனபோது கொப்பியில் வெட்டாத பக்கம் ஒன்றுகூட இல்லை.

அன்று சனிக்கிழமை. மூன்று நாளாக பஸீஹா, அணில் புத்தகத்தின் மூன்றாம் பதிப்புக்குப் புரூப் பார்க்க வரச் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள். கட்டுகஸ்தோட்டையில் பஸ் மாறி அக்குறணைக்குப் போனேன்.

"என்ன மொகம் இப்பிடி ஈக்கி? தேத்தண்ணி குடிச்சிட்டு வேலயப் பாருங்க" என்றாள் பஸீஹா. ஒன்பதாம் பக்கத்தை என் முன்னால் வைத்தாள். "இந்த எடத்துல ஒரு வரி கொறயுது. அப்பவும் சென்ன, ரெண்டாம் பதிப்புலயும் சென்ன. பாக்க ஓட்ட மாதிரி ஈக்கி."

பார்த்தேன். வாலை வெட்டிய இடத்தில் வாக்கியம் நொண்டியது. அணில் மாமரத்தில் ஏறுகிறது, எதற்கு ஏறுகிறது என்றே தெரியவில்லை. பதினாறு வருஷமாக அந்த ஓட்டையோடுதான் அந்தப் புத்தகம் பள்ளிக்கூடங்களுக்குப் போயிருக்கிறது.

"அந்தப் புள்ள செல்லின மாதிரி தம்பி ஒருத்தனப் போட்டீந்தா என்ன கொறஞ்சி பெய்த்தீக்கும்?" என்றாள் பஸீஹா. "அது ஒங்கட பெழயப் புடிக்க எழுதல்ல. ஒம்பதாம் பக்கத்துல வாறது ஆருன்டுதானே கேட்டீந்திச்சி."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். உண்மைதான். றலியா என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. அவள் கதையை நம்பி, யார் என்று கேட்டாள். நான்தான் என் மானத்தைப் பற்றி நினைத்து, அவள் பார்த்த அந்தத் தம்பியைப் பேனையால் கொன்றேன். பிறகு மன்னிப்பு வேறு கேட்டேன். அந்தப் பிள்ளை ஏன் மறுபடி எழுதப் போகிறாள்?

பையிலிருந்து பேச்சியம்மாவின் கடிதத்தை எடுத்தேன். 'பொய்' என்ற சொல்லுக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று அன்றுதான் ஒழுங்காக வாசித்தேன். "யார் சொல்லச் சொன்னது."

சாக்கிலிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்களும் கொலைகாரி யார் என்று சொல்லின. இது ஒன்றுதான் கேள்வி கேட்டது. நான் அதற்கு எதிரில் பத்து நாளாக என் வெட்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, யார் சொல்லச் சொன்னது? ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்தேன் என்று சொல்லச் சொல்பவனுக்கு, அங்கே கவ்வாத்து வெட்டியிருக்கிறது என்று தெரிந்திருக்கக் கூடாது. கங்காணிக்குத் தெரியும். கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். துரைக்கு நிச்சயம் தெரியும், வெட்டச் சொன்னதே அவர். மிலாறு பொறுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரியாதவர்கள் யார்? திருச்செல்வத்துக்குத் தெரியாது. கண்டியில் உட்கார்ந்து நுளம்புக் கோப்புப் பார்க்கிற எனக்கு மறந்துபோனது. மலையைத் தூரத்தில் நின்று படமாக மட்டும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. என் கதையில் எங்களைப் போல ஒரு ஆள் இருந்தார். கொழும்பிலிருந்து வந்த மைத்துனர்.

அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மூன்றாம் அங்கத்தில் அவர் பங்களாச் சுவரில் தொங்கும் தோட்ட வரைபடத்துக்கு முன்னால் நின்று சிகரெட் பற்றவைக்கிறார். வெளிச்சத்துக்காகத் திருச்செல்வம் நிறுத்திய இடம் அது. அந்த வரைபடத்தில் எல்லா மலைக்கும் நம்பர் இருக்கிறது. எல்லா மலையும் பச்சையாக இருக்கிறது. அந்தக் காட்சியும் ஒளிபரப்பாகிவிட்டது. ஒருவராலும் அதைத் திருப்பி வாங்க முடியாது.

"பஸீஹா, எனக்கு ஒரு மேசையும் கடுதாசியும் வேணும்" என்றேன்.

"புரூப்பு?"

"அணிலுக்குத் தம்பி இருக்கான். பேரு கிட்டான். வால் அவனோடது. போட்டுக்கங்க."

அச்சகத்தின் பின்னறையில், வெட்டுக் கடுதாசியின் வெற்றுப் பக்கங்களில், அன்றும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து மூன்று அங்கங்களையும் எழுதினேன். அன்று காலை சுப்பம்மா பங்களாவின் பின்பக்கப் பாதையில் மைத்துனரைப் பார்த்துவிடுகிறாள். அவர் அவளை மிரட்டுகிறார். லயத்து வீட்டைப் பறித்து, குடும்பத்தையே வெளியேற்றிவிடுவேன் என்கிறார். ஏழாம் நம்பர் மலையில் இருந்ததாகச் சொல் என்று வரைபடத்தில் பார்த்த நம்பரைச் சொல்லிக் கொடுக்கிறார். அவள் ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே சொல்கிறாள். அது பொய் என்று கேட்பவர்களுக்குத் தெரியும் என்று தெரிந்தே சொல்கிறாள். உடைந்த கைக்கடிகாரத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். எழுத எழுத எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைப் புத்தகம் எழுதும்போது மட்டும் வருகிற சிரிப்பு அது.

திங்கட்கிழமை காலை கந்தோர் டெலிபோனில் திருச்செல்வத்துக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். என் மேலதிகாரி முத்துலிங்கம் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"நான் பிடிச்ச காட்சி பிழையில்லை எண்டு ஆக்கிப்போட்டியள்" என்றார் திருச்செல்வம் கடைசியில்.

"பிழைதான். ஆனா இப்ப அது கொலைகாரனோட பிழை."

"கொழும்புச் சனத்துக்குக் கவ்வாத்து விளங்காது. இன்ஸ்பெக்டர் அதை விளக்கி ஒரு பேச்சுப் பேசட்டும்."

"வேணாம். சுப்பம்மா ஒரு வசனம் சொல்லுவா. போதும். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கிட்டு நிக்கட்டும்."

அதற்கு மட்டும் இருபது நிமிஷம் சண்டை போட்டோம். மேலிடத்துக்குச் சுப்பம்மாவைப் பிடிக்க வேண்டுமே என்றேன். "மேலிடத்துக்குக் கடிதம் வந்தால் போதும். ஆரைப் பிடிச்சாலும் சரி. அதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். சொன்னபடி பார்த்துக்கொண்டார். ஐந்தாம் திகதிக்குள் படப்பிடிப்பு முடிந்தது. இந்த முறை நான் கதிரையில் உட்காரவில்லை. மலைக்குள் இறங்கி நின்று பார்த்தேன்.

கடைசி அங்கம் ஒளிபரப்பான சனிக்கிழமை, தெல்தோட்டை பஸ்ஸில் ஏறினேன். கடிதத்திலிருந்த விலாசத்தை விசாரித்துக்கொண்டு மேட்டு லயத்துக்குப் போனபோது, வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்து, "வா ராசு" என்றாள். நாலு பேச்சியம்மாக்களில் இவள் எவள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தவள். ஒரே கவ்வாத்து மலையில் என்னோடு மிலாறு பொறுக்கியவள். நான் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், அவள் கூடையை மாட்டினாள்.

வீட்டுக்குள் பதினெட்டுப் பேரும் இருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் பெட்டி. பக்கத்தில் லொறி பெற்றரி. எனக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். நான் பெட்டியைப் பார்க்கவில்லை. அவர்கள் முகத்தைத்தான் பார்த்தேன்.

பெட்டிக்குள் இன்ஸ்பெக்டர், "அன்னைக்கு ஏன் பொய் சொன்னே?" என்று கேட்டார்.

"அவரு சொல்லச் சொன்னதத்தாங்க சொன்னேன்" என்றாள் சுப்பம்மா. "ஏழாம் நம்பர்ல கவ்வாத்துன்னு தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். என்னைய ஒருத்தரு கேட்டிருந்தா அன்னைக்கே புடிச்சிருக்கலாம். ஐயா இங்க யாரையுமே கேக்கலீங்களே."

யாரும் கை தட்டவில்லை. ராக்கம்மா என்ற பெண் மட்டும், "அதத்தானே நாம மொதல்லயே சொன்னோம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதற்கு மேல் எனக்கு எந்தப் பரிசும் வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு பேச்சியம்மா பிளேன்டீ கொண்டுவந்து தந்தாள். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் திட்டமிட்டோம் என்று திருச்செல்வம் ஏற்கெனவே ஒரு பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். நானும் அப்படியே இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. என்னால் முடியவில்லை.

"பேச்சி, அது திட்டம் இல்ல. தப்பு. நான் அங்கதான் இருந்தேன். மொட்டை மலையைப் பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"சுப்பம்மா பொய் சொல்றவளா இருந்தா, அதுக்கு முந்தின நாலு கிழமையில எங்களுக்கு ஒரு சாடையாச்சும் தெரிஞ்சிருக்கும். நீ மறந்துட்டேன்னு பாத்த ஒடனயே வெளங்கிச்சு. ராக்கம்மா, தப்புன்னு எழுதச் சொன்னா. நான்தான் வேணாம்னேன். சின்னதுல வாத்தியாரு ஒன் கணக்குல புள்ளடி போட்டா, அந்தக் கொப்பியையே கிழிச்சுப் போட்டுருவியே. இதையும் கிழிச்சுப் போட்டுட்டா நாங்க சனிக்கிழமைக்கு என்னத்தப் பாக்குறது? அதான் யாரு சொல்லச் சொன்னதுன்னு கேட்டு எழுதுனோம். மிச்சத்த நீ பாத்துக்குவேன்னு தெரியும்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். பிறகு பையைத் திறந்து, அடுத்த தொடருக்கு எழுதியிருந்த முதல் அங்கத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் கொழுந்து கிள்ளிக் காய்த்த விரலால் பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்தி, "இந்த நேரத்துக்கு எந்தத் தோட்டத்துல கொழுந்து நிறுக்குறாங்க?" என்று கேட்டாள். நான் பேனையை எடுத்தேன்.

அந்தத் தொடர் எடுக்கும்போது, பெயர்கள் ஓடும் எழுத்தோட்டத்தில் என் பெயருக்கு அடுத்ததாக இன்னொரு பெயர் வர வேண்டும் என்று திருச்செல்வத்திடம் சொன்னேன். மலை விவரம்: பேச்சியம்மா, தெல்தோட்டை.

"அப்பிடி ஒரு பதவி இல்லை, ராஜகுமாரி" என்றார்.

"அது இல்லாததாலதான் நீங்களும் நானும் கவ்வாத்து மலையில கொழுந்து எடுத்தோம்" என்றேன். அவர் பேனையைத் திறந்து அந்தப் பெயரை எழுதிக்கொண்டார்.